மெயில் ஆப் ஏன் தானாக மூடிக்கொள்கிறது?

மெயில் ஆப்பைத் திறக்கிறோம். ஒரு நொடி இன்பாக்ஸ் தெரிகிறது, உடனே மறைந்து முகப்புத் திரை வந்துவிடுகிறது. மறுபடி திறந்தாலும் அதே கதைதான். யாரிடமாவது கேட்டால் ஒருவர் வைரஸ் என்பார், இன்னொருவர் போன் பழசாகிவிட்டது என்பார், மூன்றாமவர் "எல்லாத்தையும் அழிச்சிட்டு ரீசெட் பண்ணிடு" என்பார். இந்த மூன்றாவது யோசனையால் குழந்தையின் படங்களையும், எங்கும் சேமித்து வைக்காத தொடர்பு எண்களையும் இழந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலருடைய பிரச்சினை ஓர் அப்டேட்டில் தீர்ந்திருக்கும்.

ஆப் மூடிக்கொள்வதற்குக் காரணம் எப்போதும் ஒன்றே அல்ல. காரணம் வெவ்வேறு இடங்களில் இருக்கலாம், அந்த இடத்தைப் பொறுத்துத்தான் வைத்தியமும். அதைப் புரிந்துகொள்ள, ஆப் மூடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

## கிராஷ் என்றால் என்ன?

ஒரு மெஸ்ஸின் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மாஸ்டர். மிக வேகமானவர், ஆனால் சீட்டில் எழுதியிருப்பதை மட்டுமே செய்வார். "மூன்றாவது டப்பாவிலிருந்து புளியை எடு" என்று சீட்டில் இருக்கிறது. அங்கே மூன்றாவது டப்பாவே இல்லை. நாமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்போம், அல்லது புளி இல்லாமல் சமாளிப்போம். இவருக்கு அது தெரியாது. இல்லாத டப்பாவுக்குள் கையை விட்டபடி நிற்பார். முதலாளி வந்து பார்க்கிறார். அரைகுறையாக வெந்ததை யாருக்கும் பரிமாறக் கூடாது என்று அடுப்பை அணைத்துவிடுகிறார்.

போனில் நடப்பதும் இதுதான். சீட்டு என்பது ஆப்பை எழுதியவர்கள் தந்த கட்டளைகள். அதை நிரல் என்கிறோம். முதலாளியின் இடத்தில் இருப்பது ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது போனில் ஓடும் எல்லா ஆப்களையும் மேய்க்கும் அடிப்படை மென்பொருள்: ஆண்ட்ராய்ட் அல்லது ஐஓஎஸ். இல்லாத ஒரு தகவலை எடுக்கும்படி நிரல் சொல்லி, அந்த நிலையில் என்ன செய்வது என்றும் அதில் எழுதியிருக்காவிட்டால், ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த ஆப்பை அங்கேயே நிறுத்திவிடும். இதற்குப் பெயர்தான் கிராஷ்.

கிராஷ் என்பது போன் உடைந்துபோனதன் அடையாளம் இல்லை, அது ஒரு தற்காப்பு. தடுமாறிய நிலையில் ஆப்பைத் தொடர விட்டால், நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் மெயிலை அரைகுறையாகச் சேமிக்கலாம், இருக்கும் தகவலைக் குழப்பலாம். அதைவிட நிறுத்துவது மேல். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வோர் ஆப்புக்கும் தனிச் சமையலறை உண்டு. ஒன்றின் அடுப்பை அணைத்தால் மற்றவை பாதிப்பதில்லை. மெயில் ஆப் பத்து முறை கிராஷ் ஆனாலும் உங்கள் படங்களுக்கும் வங்கி ஆப்புக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

கிராஷோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்கள் உண்டு. திரை உறைந்துபோய், கொஞ்ச நேரம் கழித்து "காத்திருக்கவா, மூடவா" என்று ஆண்ட்ராய்ட் கேட்டால் அது கிராஷ் இல்லை, ஹேங். நம் தொடுதலுக்கு ஆப் ஐந்து நொடி வரை பதில் தராவிட்டால் ஆண்ட்ராய்ட் அந்தக் கேள்வியைக் கேட்கும். அப்புறம், வேறு ஆப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் மெயில் ஆப் முதலிலிருந்து தொடங்குகிறது என்றால், அதுவும் கிராஷ் இல்லை. இடம் போதாமல் பின்னணியில் இருந்த ஆப்பை ஆபரேட்டிங் சிஸ்டம் மூடியிருக்கிறது. அது அன்றாடம் நடப்பதுதான்.

சுருக்கமாக: சமாளிக்கத் தெரியாத ஒரு நிலையில் ஆப் மாட்டிக்கொண்டால், மேலும் கெடாமல் இருக்க ஆபரேட்டிங் சிஸ்டம் அதை நிறுத்துகிறது. பாதிப்பு அந்த ஆப்போடு முடிந்துவிடும்.

## சீட்டில் பிழை

சரி, மாஸ்டர் ஏன் நிற்கிறார்? எளிய காரணம், சீட்டே தப்பாக எழுதப்பட்டிருப்பது. இதைப் பக் என்பார்கள். புது அப்டேட் வந்த அன்றே பலருக்கும் ஒரே நேரத்தில் ஆப் மூடிக்கொண்டால் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். இதில் நாம் செய்ய அதிகம் இல்லை. ஆப்பை எழுதியவர்கள் திருத்தி அடுத்த அப்டேட்டை அனுப்ப வேண்டும், நாம் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

## பொருளில் கோளாறு

சீட்டு சரியாகவே இருக்கும், வந்த பொருளில் சிக்கல் இருக்கும். மெயில் ஆப்பைப் பொறுத்தவரை பொருள் என்பது வந்து சேரும் மெயில்கள், இணைப்புகள், அவற்றையெல்லாம் ஆப் போனுக்குள் எழுதி வைத்திருக்கும் தொகுப்பு. இந்தத் தொகுப்பைத் தரவுத்தளம் என்கிறோம்.

மற்ற ஆப்களைவிட மெயில் ஆப்புக்கு இங்கே ஆபத்து அதிகம். உலகத்தில் யார் வேண்டுமானாலும், எந்த மென்பொருளில் இருந்து வேண்டுமானாலும் உங்களுக்கு மெயில் அனுப்பலாம். விசித்திரமான எழுத்துரு, பாதியில் அறுந்த படம், இலக்கணம் மீறிய வடிவமைப்பு, எல்லாம் வரும். அத்தனையையும் ஆப் படித்துக் காட்டியாக வேண்டும்.

ஒரே ஓர் எழுத்துகூட இப்படிச் செய்யும் என்பதற்கு நமக்குப் பக்கத்து மொழியிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில், தெலுங்கின் 'ஜ்ஞா' என்ற கூட்டெழுத்து திரையில் தோன்றினால் ஐபோனில் பல ஆப்கள் நின்றுபோயின. ஐஓஎஸ் 11.2.5 பதிப்பில் அந்த எழுத்துச் சேர்க்கையை வரைந்து காட்டும் பகுதியில் பிழை இருந்தது. ஆப்பிளின் சொந்த மெசேஜ் ஆப் மட்டுமில்லை, வாட்ஸ்அப், ஜிமெயில், அவுட்லுக் ஆகியவையும் மாட்டிக்கொண்டன. அதே மாதம் வந்த 11.2.6 பதிப்பில் ஆப்பிள் அதைச் சரிசெய்தது. மெய்யும் உயிரும் பின்னிப் பிணைந்து புது வடிவம் எடுக்கும் நம் தென்னிந்திய எழுத்துகளைத் திரையில் வரைவது சாதாரண வேலை இல்லை. அதை எழுதும் நிறுவனங்கள் போதுமான அளவு சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்தச் சம்பவமே சாட்சி.

இந்த வகைக் கிராஷுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. திறந்தவுடன் ஆப் இன்பாக்ஸைப் புதுப்பிக்கிறது, அந்தக் குறிப்பிட்ட மெயிலைத் தொடுகிறது, விழுகிறது. மறுபடி திறந்தாலும் முதல் வேலையாக அதையே தொடுகிறது, மறுபடி விழுகிறது. போனை நிறுத்திப் போட்டாலும் பயன் இருக்காது, ஏனென்றால் அந்த மெயில் அங்கேயேதான் இருக்கிறது.

இன்னொரு சங்கதி: ஆப் அப்டேட் ஆகும்போது சில சமயம் பழைய தரவுத்தளத்தைப் புது வடிவத்துக்கு மாற்றி எழுத வேண்டியிருக்கும். அந்த மாற்றம் பாதியில் நின்றால், புதுச் சீட்டு எதிர்பார்க்கும் டப்பா ஒன்று, அலமாரியில் இருப்பது வேறொன்று. ஊரில் எல்லாருக்கும் அந்த அப்டேட் நன்றாக வேலை செய்ய, உங்களுக்கு மட்டும் படுத்தினால் பெரும்பாலும் இதுதான்.

## வெளியிலிருந்து வரும் மாவு

பல மெஸ்களில் இட்லி மாவை அவர்களே அரைப்பதில்லை, கடையிலிருந்து வாங்குகிறார்கள். மாவுக்கடையில் ஒருநாள் கோளாறு என்றால் அந்தத் தெருவில் எந்த மெஸ்ஸிலும் இட்லி கிடையாது. எந்த மாஸ்டர் மேலும் தப்பில்லை.

மெயில் ஆப்பும் இப்படி வெளியே வாங்கும் பொருள் ஒன்று இருக்கிறது. இன்று நமக்கு வரும் மெயில்களில் பெரும்பாலானவை உள்ளே சிறிய வலைப்பக்கங்கள்தான். படம், வண்ணம், பொத்தான் எல்லாம் இருக்கும். அதைக் காட்ட ஒவ்வோர் ஆப்பும் தனியாக ஒரு பிரவுசரை எழுதுவதில்லை. ஆண்ட்ராய்ட் போனில் 'ஆண்ட்ராய்ட் சிஸ்டம் வெப்வியூ' என்று ஒரு பொதுவான பகுதி இருக்கிறது. ஆப்புக்குள் வலைப்பக்கத்தைக் காட்டித் தருவது அதன் வேலை. முகப்புத் திரையில் அதற்கு ஐகான் கிடையாது, அதனால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. 2014-ல் வந்த ஆண்ட்ராய்ட் 5.0 முதல் இது பிளே ஸ்டோர் வழியாகத் தனியாக அப்டேட் ஆகிறது.

2021 மார்ச் 22, 23 தேதிகளில் உலகம் முழுக்க ஆண்ட்ராய்ட் போன்களில் ஜிமெயில் திறந்ததும் மூடிக்கொண்டது. ஜிமெயில் மட்டுமா? யாகூ மெயில், அமேசான் என்று தொடர்பே இல்லாத ஆப்களும் விழுந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் ஜிமெயிலை நீக்கித் திரும்பப் போட்டாலும் ஒன்றும் மாறாது, ஏனென்றால் கோளாறு ஜிமெயிலில் இல்லை, வெப்வியூவில் இருந்தது. குரோம் பிரவுசரிலும் வெப்வியூவிலும் புது அமைப்புகளைச் சோதனை முறையில் அனுப்பிவைக்கும் பகுதியில் இருந்த பிழைதான் காரணம் என்று கூகுள் பின்னர் விளக்கியது. வெப்வியூ அப்டேட்டை நீக்கிவிட்டுப் போனை ரீஸ்டார்ட் செய்யுமாறு சாம்சங் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது. அதுவரை கணினியில் ஜிமெயிலைப் பயன்படுத்துமாறு கூகுள் சொன்னது. அப்புறம் வெப்வியூவுக்கும் குரோமுக்கும் புது அப்டேட் வந்தது, அதைப் போட்டதும் எல்லா ஆப்களும் எழுந்துவிட்டன.

வெப்வியூ தனியான பகுதி என்றால் அது மட்டும்தானே விழ வேண்டும், ஆப் ஏன் சேர்ந்து விழுகிறது? மாவு கடையில் அரைபட்டாலும் வேகிறது இந்தச் சமையலறையில்தான். அதுபோல வெப்வியூவின் நிரல் ஆப்பின் உள்ளேயே ஏறி ஓடுகிறது. அதனால் அது தடுமாறினால் நிற்பது ஆப்.

## மேடையும் கிடங்கும்

மிச்சமிருப்பது இடப் பற்றாக்குறை. "மெமரி ஃபுல்" என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் போனில் இடம் இரண்டு வகை. சமைக்கும் மேடை மாதிரி, வேலை நடக்கும்போது மட்டும் பொருள்களைப் பரப்பி வைக்கும் இடம் ரேம். பொருள்களை நிரந்தரமாக அடுக்கி வைக்கும் கிடங்கு ஸ்டோரேஜ்.

மிகப் பெரிய படத்தையோ இணைப்பையோ திறக்கும்போது மட்டும் ஆப் மூடுகிறது என்றால் மேடை போதவில்லை என்று கொள்ளலாம். ஆனால் நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது கிடங்குப் பிரச்சினைதான். காலை வணக்கப் படங்களும் குடும்பக் குழுவின் வீடியோக்களும் சேர்ந்து சேர்ந்து ஸ்டோரேஜ் விளிம்பு வரை நிரம்பிவிடுகிறது. புதிதாக வந்த மெயிலைத் தரவுத்தளத்தில் எழுதப் போகும் ஆப்புக்கு இடம் கிடைக்கவில்லை. எழுத முடியாவிட்டால் என்ன செய்வது என்று நிரலில் சரியாகச் சொல்லியிருக்காவிட்டால், கிராஷ்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சீட்டு தப்பாக இருக்கலாம், பொருள் கெட்டிருக்கலாம், வெளியிலிருந்து வருவது கெட்டிருக்கலாம், இடம் போதாமல் இருக்கலாம். வைரஸ் இந்த வரிசையில் மிகக் கடைசி. திருட வருகிற மென்பொருள் பொதுவாகத் தான் இருப்பதே தெரியாமல் இருக்கத்தான் பார்க்கும்.

## எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எதையும் அழிப்பதற்கு முன் கொஞ்சம் கவனியுங்கள். மெயில் ஆப் மட்டும்தான் விழுகிறதா, வேறு ஆப்களும் விழுகின்றனவா? வேறு ஆப்களும் என்றால் வெப்வியூ அல்லது இடம். திறந்தவுடன் விழுகிறதா, ஒரு குறிப்பிட்ட மெயிலைத் தொட்டால் மட்டும் விழுகிறதா? தெரிந்தவர்களுக்கும் இன்று இதே பிரச்சினை இருக்கிறதா? இருந்தால் கோளாறு உங்கள் போனில் இல்லை, நீங்கள் எதையும் கலைக்க வேண்டாம்.

பிறகு போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மேடையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுபோல ரேம் முழுக்கக் காலியாகும். தற்காலிகத் தடுமாற்றம் என்றால் இதிலேயே போய்விடும். அடுத்து ஸ்டோரேஜில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள், நிரம்பியிருந்தால் பழைய வீடியோக்களில் சிலவற்றை எடுத்துவிடுங்கள். பிளே ஸ்டோரில் மெயில் ஆப், ஆண்ட்ராய்ட் சிஸ்டம் வெப்வியூ, குரோம் மூன்றுக்கும் அப்டேட் இருக்கிறதா என்று தேடிப் போட்டுவிடுங்கள். இதுவரை சொன்னதில் நீங்களே தேர்ந்தெடுத்து நீக்கும் வீடியோக்களைத் தவிர எதுவும் அழியாது.

அதன் பிறகும் விழுந்தால், கணினியிலோ போனின் பிரவுசரிலோ உங்கள் மெயிலைத் திறந்து பாருங்கள். இது இரண்டு விதத்தில் உதவும். கோளாறு தொடங்கிய நேரத்தில் வந்த மெயில் எது என்று அங்கே பார்த்து, அதை வேறு ஃபோல்டருக்கு மாற்றவோ நீக்கவோ செய்யலாம். ஆப்பைத் தொடர்ந்து விழ வைத்தது அந்த மெயில்தான் என்றால் அத்தோடு சரியாகிவிடும். இரண்டாவது, உங்கள் மெயில்கள் பத்திரமாக இருக்கின்றன என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த படிக்குப் போக அது மிக முக்கியம்.

## கேச்சை அழிப்பதும் ஸ்டோரேஜை அழிப்பதும்

செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், மெயில் ஆப்பைத் தொட்டு, ஸ்டோரேஜுக்குள் நுழைந்தால் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று க்ளியர் கேச். மற்றது க்ளியர் ஸ்டோரேஜ், சில போன்களில் க்ளியர் டேட்டா. அடுத்தடுத்து இருப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றில்லை.

கேச் என்பது வேகத்துக்காக ஆப் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் நகல்கள். அழித்தால் ஆப் திரும்பவும் எடுத்துக்கொள்ளும். முதல் தடவை கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். தயங்காமல் செய்யலாம்.

ஸ்டோரேஜை அழிப்பது வேறு. ஆப்பின் தரவுத்தளம், அமைப்புகள் எல்லாம் போய், புதிதாகப் போட்டதுபோல ஆகிவிடும். கெட்டுப்போன தரவுத்தளத்துக்கு இதுதான் உண்மையான மருந்து. ஆனால் எதை இழப்போம் என்று தெரிந்து செய்ய வேண்டும். ஜிமெயில் போன்றவற்றில் மெயில்கள் இருப்பது சர்வரில், அதாவது நிறுவனத்தின் கணினியில். போனில் இருப்பது அதன் பிரதி. அழித்தாலும் திரும்ப இறங்கிவிடும். ஆனால் அனுப்பப்படாமல் அவுட்பாக்ஸில் நிற்கும் மெயிலும், சர்வருக்குப் போய்ச் சேராத டிராஃப்டும் போனில் மட்டும்தான் இருக்கும். அவை போய்விடும். சில ஆப்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், ஆகவே பாஸ்வேர்ட் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சில பழைய அலுவலகக் கணக்குகள் பாப் என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்கும். இதில் மெயிலைப் போனுக்கு இறக்கிக்கொண்டபின் சர்வரில் இருப்பதை நீக்கிவிடும்படி வைத்திருக்கலாம். அப்படியானால் உலகத்தில் அந்த மெயில்கள் இருக்கும் ஒரே இடம் உங்கள் போன். அதனால்தான் பிரவுசரில் பார்க்கச் சொன்னேன். பழைய மெயில்கள் அங்கே தெரிந்தால் அழிக்கலாம். தெரியாவிட்டால் அந்தப் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். அலுவலகத்தில் மெயிலைக் கவனிப்பவரிடம் முதலில் பேசுங்கள்.

ஐபோனில் க்ளியர் கேச் என்ற பொது வசதி கிடையாது. செட்டிங்ஸ், ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜ் என்று போனால் ஆப்ஸ்டோர் ஆப்களுக்கு 'ஆஃப்லோட் ஆப்' என்று ஒன்று இருக்கும். அது நிரலை மட்டும் நீக்கி, தரவை அப்படியே வைத்துக்கொள்ளும். எனவே தரவுத்தளம் கெட்டிருந்தால் அதனால் பயனில்லை, 'டெலீட் ஆப்' செய்துதான் திரும்பப் போட வேண்டும். அதற்கும் மேலே சொன்ன எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

ஆக, கேச் போனால் நட்டமில்லை. ஸ்டோரேஜ் போனால், சர்வரில் இல்லாதது எல்லாம் போகும்.

## இவற்றைச் செய்யாதீர்கள்

போனைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் க்ளீனர் ஆப்களைப் போடாதீர்கள். கேச்சை அழிக்க செட்டிங்ஸே போதும். இவை பின்னணியில் ஓடி ரேமையும் பிடித்துக்கொள்ளும், விளம்பரமும் காட்டும்.

இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'மெயில் கஸ்டமர் கேர்' எண்களுக்கு அழைக்காதீர்கள். தேடலில் முன்னால் வந்து நிற்கும் பல எண்கள் மோசடிக்காரர்களுடையவை. "நாங்களே சரிசெய்து தருகிறோம், இந்த ஆப்பைப் போடுங்கள்" என்பார்கள். அது உங்கள் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கவும் இயக்கவும் விடும் ஆப். நல்ல காரியத்துக்காக உருவான எனிடெஸ்க் போன்ற ஆப்களை வைத்து இப்படிப் பணம் பறிப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. மெயில் திறக்கவில்லை என்ற பதற்றத்தில் வங்கிக் கணக்கையே பறிகொடுக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. அப்படி நடந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

முழு போனையும் ரீசெட் செய்வது ஓர் ஆப்பின் கிராஷுக்கு ஏறக்குறைய எப்போதும் தேவைப்படாது. ஒரு சமையலறையில் கோளாறு என்பதற்காகக் கட்டடத்தையே காலி செய்கிற வேலை அது. காரணம் சர்வரில் இருக்கும் ஒரு மெயில் என்றால், ரீசெட் முடிந்து கணக்கைச் சேர்த்தவுடன் அதே மெயில் வந்து இறங்கும், ஆப் மறுபடி விழும்.

எல்லாம் செய்தும் ஆப் எழவில்லையென்றால், பிளே ஸ்டோரில் ஆப்பின் பக்கத்தில் இருக்கும் தொடர்பு முகவரிக்கு எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. போன் மாடல், ஆண்ட்ராய்ட் பதிப்பு, ஆப்பின் பதிப்பு, எதைத் தொட்டதும் மூடுகிறது என்ற நான்கும் இருந்தால் அவர்கள் தங்களிடம் உள்ள போனில் அதையே செய்து பார்க்க முடியும். அவர்கள் திருத்தி அனுப்பும்வரை பிரவுசரில் மெயில் பாருங்கள், அல்லது நம்பகமான வேறொரு மெயில் ஆப்பில் அதே கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.